பெட்டி இருக்கிறது

போர் நாள் 611 | 07:10
பெட்டிக் கிடங்கு, பாறை எண் 41

காற்றழுத்தம் சரி. வெப்பம் 11 பாகை. எரிபொருள் 64 சதவீதம். பெட்டிகள் 2,140. ஆள் ஒன்று. அது நான்.

இதை யார் எடுத்துப் படிப்பீர்கள் என்று தெரியாது. மேலிடத்துக்கு எழுதும் பதிவு கணினியில் இருக்கிறது. அதில் நான் மிகவும் ஒழுங்கானவன். இது ஸ்டோரில் மிஞ்சிய தடித்த ரிஜிஸ்டர். பேசுவதற்கு ஆள் இல்லாததால் இதனிடம் பேசுகிறேன்.

பெயர் முனிரத்தினம். ஊர், நிலவின் ஏழாம் குமிழ்க் குடியிருப்பு. படிப்பு பத்தாவது. கணக்கில் முப்பத்தைந்து, அதில் நான்கு வாத்தியார் மனமிரங்கிப் போட்டது. பிறகு ஐடிஐயில் ஃபிட்டர். படையில் பதினேழு வருடம் ஸ்டோர் கீப்பர். வருடத்துக்கு ஒருமுறை துப்பாக்கியால் அட்டையைச் சுடச் சொல்வார்கள். அட்டைக்குப் பெரிய சேதம் எதுவும் ஆனதில்லை.

வேலை இதுதான். போர்முனைக்குப் போகும் ஒவ்வொருவரும் தம் கறுப்பு டிரங்குப் பெட்டியை இங்கே விட்டுப் போவார்கள். மேலே வெள்ளை பெயின்டில் பெயரும் எண்ணும். திரும்பி வந்தால் எடுத்துப்போவார்கள். வராவிட்டால் நான் அதைச் சரக்குத் தட்டில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவேன். தட்டு என்பது ஒரு சின்னச் சரக்குக் கலம், ஓட்டுநர் கிடையாது. இருபத்தாறு நாளில் தானே போய்க் குமிழின் துறையில் இறங்கிவிடும். இந்த வேலைக்கு ஒரு கழுதை போதும் என்பாள் என் மனைவி புஷ்பலதா. கழுதைக்கு இங்கே மூச்சு முட்டும் என்பதால் என்னைப் போட்டிருக்கிறார்கள்.

வரிசை 14, தட்டு 3. என் மகன் தணிகாசலத்தின் பெட்டி. பெயரை நான்தான் எழுதினேன். முதல் மூன்று எழுத்தைக் கடைப் பலகை அளவுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு இடமில்லாமல் கீல் வரைக்கும் நெருக்கித் தள்ளினேன். அவன் அம்மா பார்த்துவிட்டுச் சிரித்ததில் அன்றைக்கு யாரும் அழவில்லை.

போர் நாள் 618 | 10:40

எல்லாம் சரி. பெட்டிகள் 2,140.

காலையில் அறுபத்திரண்டு செய்திகள். படைவீரர் எந்தக் கப்பலில், எங்கே இருக்கிறார் என்று குடும்பத்தார் கேட்கக் கூடாது. அது ரகசியம். ஆனால் உடைமையைப் பற்றிக் கேட்கலாம் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஊரே தொங்குகிறது. "ஐயா, 8817 நம்பர் பெட்டி இருக்குங்களா?" அவ்வளவுதான் கேள்வி. "பெட்டி இருக்கிறது" என்று பதில் அனுப்புவேன். அவர்கள் அன்றைக்குச் சோறு சாப்பிடுவார்கள்.

ஒரு பெரியவர் வாரம் மூன்று தரம் கேட்கிறார். "பெட்டிக்கு உடம்பு எப்படிங்க இருக்கு?" என்றார் இன்று. நன்றாகச் சாப்பிடுகிறது என்று பதில் போட்டேன்.

யார் கேட்டாலும் பெட்டியின் எண்ணுக்கு எதிரே நோட்டில் ஒரு கோடு போடுவது என் வழக்கம். சிலருக்கு முந்நூறு கோடு ஆகிவிட்டது.

புஷ்பாவின் செய்தி: "ஏங்க, மூணாந் தெருக் குழாய்ல மறுபடியும் தண்ணி நின்னுபோச்சு. உங்க மாத்திரைய ஒழுங்கா போடுங்க. கத்திரிக்கா செடி ரெண்டு பூ வுட்டிருக்கு." மகனைப் பற்றி ஒரு சொல் இல்லை. எப்போதும் இருக்காது. அவன் கிளம்பிய அன்று துறையில் நான் வாய் தவறி, "எந்தப் பக்கம்டா போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கையில் ரத்தம் கட்டுகிற மாதிரி கிள்ளினாள். போகிறவனை எங்கே என்று கேட்டால் ஆகாதாம். பாறைகளுக்கு நடுவே கப்பல் ஓட்டுகிற காலம். இவள் இன்னும் அதிலேயே நிற்கிறாள்.

போர் நாள் 633 | 12:15

எரிபொருள் 59. கிழக்குக் குழாயில் சிறு கசிவு. அடைத்தாயிற்று.

இந்தப் போர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் ரொம்பப் பிந்தி வந்தவராக இருந்தால் மறந்தே போயிருக்கும்.

பனிப்பாறைக்காரர்கள் பத்தொன்பது நாள் எங்களுக்குப் பனிக்கட்டிக் கப்பலை விடவில்லை. மூன்றாம் குமிழில் எழுபத்து நான்கு பேர் தாகத்தில் செத்தார்கள். பாதிப் பேர் பிள்ளைகள். அதை நான் கண்ணால் பார்த்தேன். மறுநாள் துறை மைதானத்தில் யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுப்போம்" என்று பேசினேன். என் வாழ்க்கையில் எனக்குக் கைதட்டல் விழுந்தது அன்றைக்குத்தான். முதல் ஆளாகத் தணிகாசலத்தின் பெயரைக் கொடுத்தேன். அவனிடம் கேட்கவில்லை. அவன் பக்கத்தில்தான் நின்றான்.

அன்றைக்கு நியாயம் இருந்தது. இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் எங்கள் ஆட்கள் அதற்கு முன்னால் அவர்களுடைய மருந்துக் கப்பலை எட்டு மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அது எனக்குப் போர் நாள் 200 வாக்கில்தான் தெரிய வந்தது. அங்கேயும் ஒருவன் மைக் பிடித்திருப்பான். அவனும் பத்தாவது படித்தவனாகத்தான் இருப்பான்.

கப்பல் வந்துவிட்டது. தண்ணீர் வந்துவிட்டது. போர் மட்டும் நிற்கவில்லை.

போர் நாள் 640 | 11:50

எல்லாம் சரி என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன்.

ஆள்பட்டியல் எழுதும் ஜெகந்நாதன் எங்கள் தெருக்காரன். தனிச் செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணே, நீலக்கல் பாறையில இறங்கப் போற லிஸ்ட்ல தம்பி பேரு இருக்கு. முன்வரிசை. நான் சொன்னேன்னு வெளியில சொல்லாதீங்க."

முன்வரிசை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நீலக்கல்லில் இதற்கு முன் இரண்டு முறை இறங்கியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளை ஏற்றியவன் நான்தான்.

என் மகனைப் பின்தளத்தில் எங்கேயாவது போடு என்று கேட்டேன். கெஞ்சினேன். ஜெகந்நாதனின் தங்கை கல்யாணத்துக்குத் தண்ணீர்த் தொட்டி பொருத்திக் கொடுத்ததைக்கூட ஞாபகப்படுத்தினேன்.

பதில் 11:30க்கு வந்தது. "செஞ்சிடலாம்ணே. பழுதான கப்பல இழுக்கற இழுவை நிலையத்துல ஒரு எடம் இருக்கு. ஆனா ஒண்ணு எடுத்தா ஒண்ணு வெக்கணும். தலை குறைஞ்சா ஆபீசர் என் தோல உரிச்சுடுவாரு. நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க. என்னால முடியலண்ணே."

போர் நாள் 641 | 08:20

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2,140 எண்கள். ஒவ்வொன்றுக்கும் கோடுகள். பெட்டிக்கு உடம்பு எப்படி என்று கேட்கிற பெரியவரின் பேரனை என்னால் சொல்ல முடியுமா?

கோடே இல்லாத எண்கள் பதினொன்று இருந்தன. அறுநூற்று நாற்பது நாளில் ஒருவர்கூடக் கேட்காத பெட்டிகள். அதில் ஒன்று தணிகாசலத்துடையது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பனே பெட்டியைக் காக்கும்போது அவன் அம்மா எதற்குக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

மீதி பத்து. யாரும் தேடாத பிள்ளைகள். போனால் அழ யாரும் இல்லை. இப்படித்தான் யோசித்தேன். அளந்து, யோசித்து, அலமாரியில் பழைய மாவு மூட்டையை ஒதுக்குகிற மாதிரி.

3306. ப. செண்பகம். வரிசை 22, தட்டு 1. பெட்டி மேல் தூசி படிந்திருந்தது. துடைத்தேன். எதற்குத் துடைத்தேன் என்று தெரியவில்லை.

எண்ணை அனுப்பிவிட்டேன். கஞ்சி குடித்தேன். உப்பு கூடுதல்.

போர் நாள் 655 | 14:00

நீலக்கல் நம் கையில். வானொலியில் பாட்டு.

என் கையில் 88 எண்கள். பதின்மூன்றாவது, 3306.

எண்பத்தெட்டையும் தட்டில் ஏற்றினேன். இந்தப் பாறையில் எடை என்று ஒன்றும் கிடையாது. ஒரு விரலால் தள்ளினால் பெட்டி போகும். 3306ஐத் தள்ளும்போது மட்டும் இரண்டு கையும் வைத்தேன்.

பெட்டிகள் 2,052. தணிகாசலம் இழுவை நிலையத்தில் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். அதைத் திரும்பத் திரும்ப எழுதலாம் போலிருக்கிறது. உயிரோடு இருக்கிறான்.

போர் நாள் 682 | 10:25

எரிபொருள் 54. மேற்கு விளக்குகள் அணைந்துவிட்டன. மாற்ற மனமில்லை.

ஏழாம் குமிழின் தென்புறத்திலிருந்து ஒரு செய்தி. இதுவரை வராத எண். அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா வணக்கம். எம்பேரு பட்டம்மா. செண்பகத்தோட அம்மா. நேத்து பெட்டி வந்துச்சு. கீறலு கூட இல்லாம அனுப்பியிருக்கீக. நல்லா இருப்பீக. எல்லாரும் உங்ககிட்ட பெட்டி இருக்கா இருக்கான்னு கேப்பாகளாம். நான் ஒரு நாளும் கேக்கல. அக்கம்பக்கத்துல என்னயக் கல்நெஞ்சுக்காரின்னு சொன்னாக. போன புள்ளைய எங்கன்னு கேட்டா ஆகாதுல்லய்யா. அதான் வாயக் கட்டிக்கிட்டேன். தெனமும் உங்க நம்பரைப் போடுவேன், ஒடனே அமத்திருவேன். இப்பக் கேக்கலாம்ல? இனிமே என்ன ஆகப்போகுது. எங்கய்யா போனா எம்புள்ள?"

விதிப்படி நான் பதில் சொல்லக் கூடாது. விதி எனக்கு இவ்வளவு வசதியாக என்றைக்கும் இருந்ததில்லை.

போர் நாள் 682 | 16:50

அன்று புஷ்பா கிள்ளியது எந்தக் கை என்று தேடிப் பார்த்தேன். இடது. தழும்பு எதுவும் இல்லை.

அந்தப் பதினோரு வீட்டிலும் அப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். என் வீட்டிலும். இங்கே வேறொரு ஸ்டோர் கீப்பர் இருந்து, அவனுக்கும் ஒரு பிள்ளை இருந்திருந்தால், கோடு இல்லாத எண்ணைத் தேடி அவன் நேராக வரிசை 14, தட்டு 3க்கு வந்திருப்பான்.

தெரிந்தவன் நான். அதை மூடப்பழக்கம் என்று இந்த ரிஜிஸ்டரிலேயே கிண்டல் எழுதியவன் நான்.

போர் நாள் 685 | 11:10

தணிகாசலத்தின் செய்தி. குரலில் சத்தமே இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நைனா. இழுவை நிலையத்துல டீ சூடா கெடைக்குது. பாதுகாப்பா இருக்கேன். எனக்கு பதிலா போன பொண்ணு பேரு செண்பகம். நீங்க கேட்டிருக்க மாட்டீங்க, அதான் சொல்றேன். இருபத்தொரு வயசு. சீட்டாட்டத்துல திருட்டாட்டம் ஆடும், கேட்டா சிரிக்கும். ஜெகண்ணன் தாங்க முடியாம எங்கிட்ட அழுதுட்டாரு. அவரத் திட்டாதீங்க. மைக் புடிச்சு வீட்டுக்கு ஒரு புள்ளன்னு பேசினீங்களே நைனா, அது பக்கத்து வீட்டுப் புள்ளன்னு அப்பவே வெவரமா சொல்லியிருக்கலாம். ஊரு தெளிவா இருந்திருக்கும். என்னக் குடுக்கும்போதும் எங்கிட்ட கேக்கல, எடுக்கும்போதும் கேக்கல. நான் முன்வரிசை வேணும்னு எழுதிக் குடுத்து வாங்கிட்டேன். அடுத்த கப்பல்ல போறேன். எங்கன்னு கேக்காதீங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

ஜெகந்நாதனுக்கு நாற்பது முறை அழைப்பு அனுப்பினேன். எடுக்கவில்லை. அதிகாரி என்று பெயர் போட்ட எல்லா எண்ணுக்கும் அனுப்பினேன். ஒருவர் பதில் தந்தார். "உங்கள் மகனின் துணிவு பாராட்டுக்குரியது." அவருக்குப் பிள்ளை இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

போர் நாள் 701 | 09:30

நீலக்கல் போய்விட்டது. நாம் பிடித்ததை அவர்கள் பிடித்துவிட்டார்கள். வானொலியில் அது "திட்டமிட்ட பின்வாங்கல்". பாட்டு மட்டும் அதே பாட்டு.

பட்டியல் வந்தது. 317 எண்கள். ஏறுவரிசையில் இல்லை, யாரோ அவசரமாக அடித்தது. நான் மேலிருந்து படிக்காமல் கீழிருந்து படித்தேன். அப்படிப் படித்தால் அவன் எண் இருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம்.

இருந்தது.

போர் நாள் 702 | 08:00

மேலிடத்தின் ஆணை. "அடுத்த அறிவிப்பு வரை பெட்டிகள் எதையும் அனுப்ப வேண்டாம். தட்டுக்கான எரிபொருள் நிறுத்திவைக்கப்படுகிறது. விசாரிக்கும் குடும்பங்களுக்கு வழக்கமான பதிலையே தரவும். போரின் இரண்டாம் ஆண்டு விழாவும் ஆள்சேர்ப்பும் நாள் 730இல் நடைபெறும்."

வழக்கமான பதில். பெட்டி இருக்கிறது. அதில் பொய்யே இல்லை, பாருங்கள். பெட்டி இருக்கத்தான் செய்கிறது. எழுநூறு நாளாக நான் சொன்னதும் அவ்வளவுதான். ஆள் இருக்கிறார் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பெரியவர் கேட்டார். "பெட்டி நல்லா இருக்குதுங்களா?" அவர் பேரன் எண் பட்டியலில் ஐம்பத்தாறாவது. நான் பதில் அனுப்பவில்லை. அரை மணியில் மறுபடி கேட்டார். பிறகு மறுபடியும்.

போர் நாள் 703 | 13:20

புஷ்பாவின் செய்தி.

"ஏங்க. மைதானத்துல பந்தல் போடறாங்க. நீங்க அன்னிக்குப் பேசினத தெனம் ஒலிபெருக்கில போடறாங்க. வீட்டுக்கு ஒரு புள்ளன்னு நீங்க கத்தறது அடுப்பங்கரை வரைக்கும் கேக்குது. எதிர்வீட்டுப் பொண்ணு பேரு குடுத்திருக்குது, பதினெட்டு ஆயி பத்து நாளு. நான் ஒண்ணும் கேக்கலீங்க. எதுவும் கேக்கல. அந்தப் பெட்டி மேல பெயின்டு உதுந்திருந்தா ஒரு கை தொட்டு வுடுங்க. அவ்ளோதான். அந்தக் கோணல் எழுத்த நெனச்சா சிரிப்பு வருது."

அவள் கேட்டுவிட்டாள். கேட்காமல் கேட்டுவிட்டாள்.

போர் நாள் 704 | 09:00

முப்பத்தைந்து மார்க் கணக்கு. தட்டு கிளம்ப 46 சதவீத எரிபொருள் வேண்டும். கிடங்கின் காற்று இயந்திரத்துக்கு என்று இருப்பது 51. மீதி 5. அதில் இயந்திரம் இழுக்காத அடிவண்டல் போக, ஒன்பது நாள் மூச்சு. அடுத்த கப்பல் இன்றிலிருந்து நாற்பதாம் நாள். கேட்டால் முன்னாலேயே அனுப்புவார்கள். ஏன் என்றும் கேட்பார்கள். தட்டை நடுவழியில் மறித்துவிடுவார்கள். கேட்கப்போவதில்லை. இந்த ஒரு தடவை நானும் வாயைக் கட்டிக்கொள்கிறேன்.

குழாயை மாற்றிப் பொருத்திவிட்டேன். ஐடிஐ படிப்பு இதற்காவது உதவியது. சரக்குச் சீட்டில் "காலி மாவு டப்பாக்கள், 317" என்று போட்டிருக்கிறேன். காலி டப்பாவை எந்த அதிகாரியும் திறந்து பார்க்க மாட்டான் என்பது பதினேழு வருட ஸ்டோர் அறிவு. நாள் 730 காலையில் தட்டு மைதானத்தை ஒட்டிய துறையில் இறங்கும். பந்தலுக்கு எதிரே. இறங்கியதும் பக்கவாட்டுக் கதவுகள் தாமே திறந்துகொள்ளும். 317 பெயர்கள், வெள்ளை பெயின்டில். என் பேச்சு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

316 ஏற்றியாயிற்று.

போர் நாள் 704 | 11:40

புஷ்பா,

இதை யாரோ எடுத்துப் படிப்பார்கள் என்று நினைத்து எழுதினேன். அது நீதான். இந்த ரிஜிஸ்டரைத் தணிகாவின் பெட்டிக்குள் வைக்கிறேன். அவன் சட்டைக்கு அடியில் இருக்கும். சட்டையில் இன்னும் நம் வீட்டு சோப்பு வாசனை.

பெயின்ட் உதிர்ந்துதான் இருந்தது. பழையதைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து எழுதினேன். இந்தத் தடவை அளந்து எழுதினேன். எல்லா எழுத்துக்கும் இடம் சரியாக இருந்தது. பார்த்தால் உனக்குச் சிரிப்பு வராது. அதற்கு மன்னித்துக்கொள். மற்றதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

முழுவதும் படி. 641ஆம் நாளை இரண்டு தரம் படி. படித்து முடித்ததும் இதைத் தென்புறத்தில் பட்டம்மாவிடம் கொண்டுபோய்க் கொடு. எங்கே போனாள் என்று அந்த அம்மா கேட்டாள். யார் அனுப்பியது என்று இதில் இருக்கிறது. அந்த அம்மா இதை என்ன செய்தாலும் தடுக்காதே.

எதிர்வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தட்டு முன்னால் நிறுத்து. எங்கே போகிறாய் என்று எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேள். ஆகாது என்பார்கள். ஆகட்டும். கேள்.

எனக்குப் பெட்டி கிடையாது. ஸ்டோர் கீப்பருக்குக் கொடுப்பதில்லை. அதனால் எதையும் எதிர்பார்த்துத் துறைக்கு வராதே.

போர் நாள் 704 | 12:05
பெட்டிக் கிடங்கு, பாறை எண் 41

பெட்டியை மூடும் முன் கடைசிப் பதிவு. காற்றழுத்தம் குறைகிறது. வெப்பம் 9 பாகை. எரிபொருள் 5 சதவீதம். பெட்டிகள் 1,735. செய்திகள் 204, பதில் தரப்படவில்லை. ஆள் ஒன்று.

வரிசை 14, தட்டு 3. காலி.